மர ஆலாவுக்கு வந்த மாப்பிள்ளை

"மரக்கட்டையைப் பார்த்துப் பறவை மயங்குமா?" என்று தச்சர் போன வருஷம் கேட்டார். "நான் மயங்கலையா?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார் அவர்.

கரையோரப் பறவைகளைக் காப்பது அவள் வேலை. கொண்டை ஆலா என்னும் கடற்பறவைகளில் இந்த வகை, உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. தங்கள் இனத்தார் இல்லாத மணலில் அவை இறங்குவதில்லை. அதனால்தான் அவர் செதுக்கிய மர ஆலாக்கள், கறுப்புக் கொண்டையும் மஞ்சள் அலகுமாக, மணல்திட்டு நெடுக காற்றைப் பார்த்து நிற்கின்றன. அலகின் மஞ்சள் சரியாக வரவில்லை என்று எத்தனை முறை சுரண்டித் தீட்டினார்! காலை வெயில் சாய்ந்து விழுகிறது. கித்தான் மறைப்பின் ஓட்டை வழியே அவள் மூச்சடக்கிப் பார்க்கிறாள். உயிருள்ள ஆலா ஒன்று வெள்ளி மீனோடு இறங்கி, மரப் பறவையின் முன் தலைகுனிந்து மீனை நீட்டுகிறது. அதுதான் அவற்றின் பெண் கேட்கும் வழக்கம். மரம் அசையவில்லை. வந்த ஆலா சுற்றி வந்து மறுபடியும் நீட்டுகிறது. மேலே கிறீச்சென்று குரல். இன்னொரு ஆலா இறங்கி, அந்த மீனை உரிமையோடு வாங்கிக்கொள்கிறது. அவளுக்குக் கண் நிறைகிறது. போனை எடுக்கிறாள்.

"வந்துடுச்சுங்க," என்று கிசுகிசுக்கிறாள்.

"யாரு?"

"உங்க மரக்கட்டைக்கு மாப்பிள்ளை! பொண்ணும் பின்னாலேயே வந்துட்டா."

அந்தப் பக்கம் இழைப்புளிச் சத்தம் நிற்கிறது. கேட்டாலும் அவர் பட்டறையைப் பூட்ட மாட்டாரே என்று இத்தனை வருஷம் அவள் சொல்லாமலே விட்ட வார்த்தை, இன்று தானாக வருகிறது.

"ஒரு நாள் பட்டறையைப் பூட்டிட்டு, என் பக்கத்துல வந்து உட்காருங்களேன்."