அப்பா அறைச் செடி

"இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று முகம் சுளித்தார் கணவர்.

"குரல் கேட்டா செடி கூடுதலா வளருமான்னு பார்க்கிறேன். ரெண்டு செடிக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே வெயில். சமையலறைச் செடி தினம் அரை மணி நேரம் குரல் கேட்கும். உங்க அறையில இருக்கிறது கேட்கவே கூடாது" என்றாள் அறிவியல் டீச்சர்.

சமையலறைச் செடி கேட்டது, மகள் எப்போதோ போனில் பேசி அனுப்பியவற்றை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். "அவ பேச்சை இங்க யாரும் எடுக்கக் கூடாது" என்று அன்று கத்தியவர், ஆராய்ச்சி என்றதும் வாயை மூடிக்கொண்டார். டீச்சருக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு மாதம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தாள். இரண்டும் ஒரே உயரம்.

"பார்த்தியா? அவ குரலால ஒரு மண்ணும் ஆகல" என்றார் அவர்.

'குரலால் பலனில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய டீச்சர், நோட்டை மறந்து பாதி வழியில் திரும்பினாள்.

அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகளின் குரல்.

"அப்பா, மழை வரும்போல இருக்கு. குடையை மறந்துடாதீங்க."

முடிந்ததும் அதே பேச்சு மறுபடி முதலிலிருந்து ஓடியது. நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

டீச்சர் ஓசைப்படாமல் நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எழுதியதை அடித்தாள். மகளுக்குப் போன் போட்டாள்.

"என் ஆராய்ச்சியை உங்கப்பா கெடுத்துட்டாருடி. நீ உடனே கிளம்பி வா."