திங்கட்கிழமை பாக்கெட்

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பாக்கெட்டைப் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துனு போகுது சார் இந்தம்மா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றாள் ரஞ்சிதா.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தையல் கம்பெனி. ரஞ்சிதா அங்கே டெய்லர். கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் பவளம்தான் ஆயா. தகவல் கிடைத்ததும், மேலாளர் எபினேசரும் டாக்டர் அனிட்டாவும் நேராகக் காப்பகத்துக்கே வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஊரெங்கும் பன்றிக் காய்ச்சல் பயம். பிள்ளைகளுக்குச் சளியை எதிர்க்கும் தெம்பு வரட்டும் என்று, டாக்டரின் யோசனைப்படி, நல்ல நுண்ணுயிர்கள் உள்ள தூள் பாக்கெட்டுகள் ஐந்நூறைக் கம்பெனி வாங்கித் தந்திருந்தது.

"எடுத்தீங்களா?" என்று கேட்டார் எபினேசர்.

"எடுத்தேன் சார்" என்றாள் பவளம்.

"எத்தனை வாரமா?"

"எட்டு வாரமா."

ரஞ்சிதா துள்ளினாள். "கேட்டீங்களா சார்! எங்க பையன் கௌதம் அந்தத் தூளைக் கண்ணால பார்த்ததே இல்லையாம். மொத்தத்தையும் வித்துத் தின்னிருக்கும்!"

"அப்படி இருந்தா இன்னியோட உங்களுக்கு இங்க வேலை கிடையாதும்மா. அலமாரியைத் திறங்க" என்றார் எபினேசர்.

பவளம் திறந்தாள்.

பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. டாக்டர் எண்ணிப் பார்த்தார். ஐந்நூறில் எட்டுதான் குறைந்தது.

"அப்ப பிள்ளைங்களுக்கு என்னத்தைக் கொடுத்தீங்க?" என்றார் எபினேசர்.

"தயிர் சார். எங்க வீட்டு மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆறவச்சு, திங்கட்கிழமை இந்தத் தூளைப் போட்டு உறைய வைப்பேன். மத்த நாளு முந்தின நாள் தயிரே உறை. மத்தியானச் சோத்துல ஆளுக்கு ஒரு கரண்டி. ஒண்ணு தயிருன்னு கேட்கும், ஒண்ணு கன்னடத்துல மொசருன்னு கேட்கும், ஒண்ணு தெலுங்குல பெருகுன்னு கேட்கும். எல்லாத்துக்கும் அதே கரண்டிதான்."

"மழைக்காலத்துல தயிரா!" ரஞ்சிதா தலையில் கை வைத்தாள். "சளி பிடிச்சுக்காதா?"

டாக்டர் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"போன வருஷம் இதே ரெண்டு மாசத்துல சளி, காய்ச்சல்னு படுத்த பிள்ளைங்க முப்பத்தொண்ணு. இந்த வருஷம் மூணே மூணு. உங்க கௌதம் ஒரு நாள்கூட லீவு போடலை ரஞ்சிதா."

ரஞ்சிதா பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"தயிர் மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பவளம்மா பிள்ளைங்களைக் கை கழுவவும் பழக்கியிருக்காங்க. ஆனா தயிர் சளியைக் கொண்டு வரலை, அது நிச்சயம்" என்ற டாக்டர், பவளத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டீங்கம்மா!"

எபினேசரும் சிரித்துவிட்டார். "நீங்க வேலையைப் பாருங்கம்மா, உங்களை யாரும் அசைக்க முடியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தூளைக் கிழிச்சு அப்படியே வாயில போட்டிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே. எதுக்கு இத்தனை பாடு?"

பவளம் தயங்கினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"தூள் யாருக்குக் கொடுக்கணும்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிஸ்ட்ல, பர்மனென்ட் ஆளுங்க பிள்ளைங்க பன்னெண்டு பேருதான் சார் இருக்கு. கான்ட்ராக்ட் ஆளுங்க பிள்ளைங்களையும் சேர்த்து என்கிட்ட ஒண்ணா படுக்கிறது நாப்பது. சளிக்கு அந்த லிஸ்ட் தெரியுமா சார்?"