இருபத்து நான்கு ரசீதுகள்

பத்துக் கோடி என்று எழுதிய தாளை, கம்பெனியை வாங்க வந்தவர் மேசையின் குறுக்கே நகர்த்தினார்.

எங்கள் பொத்தான் கம்பெனி வங்கியில் போட்டு வைத்திருக்கும் ரொக்கம் மட்டுமே பன்னிரண்டு கோடி.

எண்ணைத் தவறாக எழுதிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை. எழுத்தாலும் எழுதியிருந்தார்.

கழித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை, இருபது வருடமாக இங்கே என் வேலையே அதுதான். இரண்டு மாடிக் கட்டடம், நாற்பது இயந்திரங்கள், இந்த நிமிடம் கீழே குனிந்து பொத்தானுக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கும் நூற்று நாற்பது பேர், பாதிப் பங்குக்காரி அக்கா, மீதிப் பாதி நான். எல்லாம் சேர்ந்து எங்கள் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு கோடி.

எங்கள் பணத்தைக் கொண்டே எங்களை வாங்கி, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறார். வந்ததும் காபி வேறு கேட்டு வாங்கிக் குடித்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாகுற வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடமாட்டீங்க. தொடாத பணத்துக்கு யாரு முழு விலை குடுப்பாங்க?"

எனக்குக் காது சுட்டது. சாகிற வரைக்குமாம். என் அக்காவின் முகத்துக்கு நேரே.

அந்தப் பணத்தைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன தெரியும்? எங்கள் சரக்கில் பாதியை வாங்கிக்கொண்டிருந்தவர் கடையை மூடிய அந்த வருடம், மூன்று மாதம் சம்பளம் போட முடியவில்லை. மூன்று மாதமும் முதல் தேதியன்று கீழே இறங்கிப் போய், அத்தனை பேர் முன்னால் நின்று "இல்லை" என்று சொன்னவள் அக்கா. நான் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவைதான் இந்த வைப்பு ரசீதுகள். ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு ரசீது. இருபத்து நான்கு மாதத்துக்கு இருபத்து நான்கு. எல்லாம் அக்காவின் அலமாரியில்.

எனக்கும் அந்த ரசீதுகள் மேல் கோபம் உண்டு. மெருகு போடும் பிரிவில் தூசை உறிஞ்ச ஒரு இயந்திரம் வேண்டும். அரை ரசீது போதும். ஐந்து முறை கேட்டுவிட்டேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்டி" என்பதுதான் ஐந்து முறையும் பதில். அங்கே வேலை செய்யும் பெண்கள் இருமிக்கொண்டே சிரிப்பார்கள், உங்க அக்கா மூச்சையே பாதிதான் விடுவாங்க, மீதிய டெபாசிட்டுல போட்டுருவாங்க என்று. கடைசியாகக் கேட்ட அன்று அந்த இருமலைக் கேட்டபடியே மாடியேறி வந்தேன். மூன்று வாரம் ஆகிறது.

ஆனால் அது எங்களுக்குள் நடக்கும் சண்டை. அக்கா கஞ்சம் என்று நான் சொல்லலாம். அந்தக் கஞ்சத்தனத்துக்கு ஒரு வெளியாள் விலை போட்டு, தாளில் எழுதி நீட்டுவதா?

அக்கா அந்தத் தாளை அவர் பக்கமே தள்ளினாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் தெருவில் யாராவது வம்புக்கு வந்தால், துணைக்கு என்னைத் தேடுவாளே, அதே பார்வை.

"நான் சாகுற வரைக்கும் தொடமாட்டேன்னு இவருகிட்ட யாருடி சொன்னது?"

அவர் முன்னால் கோப்பு திறந்திருந்தது. மேலே ஒரு கடிதம். அந்த வாக்கியம் அதில் அப்படியே இருந்தது. ஒருமுறை வந்து பாருங்கள் என்று முடிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அடியில் என் கையெழுத்து.

அவர் அவசரப்படாமல் அதை எடுத்து, குப்புறத் திருப்பி வைத்தார்.