நத்தை ஊர்ந்து பார்த்த பில்

முதுகில் வீட்டைச் சுமந்து திரிந்த நத்தைக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் பில் வந்தது. கொண்டுவந்த ஏஜென்ட் ஓணான், "வழக்கம்போல நாலு இலைதான், கட்டிடுங்கண்ணே," என்று தலையை ஆட்டியது. கோடைகாலம், ஓர் இலை கிடைப்பதே பெரும்பாடு.

நத்தை பில்லின் மேல் ஏறி, ஒவ்வொரு வரியாக ஊர்ந்து படித்தது. அடியில் பொடி எழுத்துக்கு வந்ததும் நின்றது.

"வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போனா திருட்டுப் பாதுகாப்பு, ஓர் இலை. ஏன் தம்பி, நான் என்னைக்கு வீட்டை விட்டுட்டு வெளியூர் போனேன்?"

ஓணானின் தலை ஆடாமல் நின்றது. "கழிச்சிடுறேண்ணே."

"எப்பவும் வீட்டோடயே இருக்கிறவங்களுக்குத் தள்ளுபடி உண்டாமே?"

"அது… கேட்டாத்தான் கொடுப்போம்."

"கேட்கிறேன்."

இரண்டே இலையோடு ஓணான் நடையைக் கட்டியது. மிச்ச இரண்டையும் நத்தை நடுப்பாதையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துத் தின்றது.

பார்த்துக்கொண்டிருந்த தவளை தன் பில்லைக் கொண்டுவந்து விரித்தது. "அண்ணே, நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இது மேலயும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்."

நத்தை கொம்புகளை நிமிர்த்திக்கொண்டு கம்பீரமாக ஏறியது. மூன்றாவது வரியிலேயே நின்றது.

"ஏம்ப்பா தவளை, நீ தண்ணியில முங்கிச் செத்தா எவ்வளவு தருவாங்களாம்?"