குதிரையை எதிர்த்த குடை

"அந்தக் கொடைய வரைஞ்ச கை எதுன்னு கண்டுபிடிச்சிச் சொல்லு. அத்த ஒடைச்சிட்டு அப்பால உன் குதிரையப் பாக்கலாம்," என்றார் பரசுராமன்.

வரதன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, சோப்பு உறைக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் படம் போட்டுப் பிழைப்பவன். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற பண்ணையார் பரசுராமனுக்குக் குதிரைச் சின்னம் கிடைத்திருந்தது. ஐம்பதுகளில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி. பெட்டிமேல் ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான் ஓட்டு. அந்தக் குதிரையை ஊரெல்லாம் வரையத்தான் அவனைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் அழைத்து வந்திருந்தார்கள்.

வந்து பார்த்தால் குதிரைக்கு இடமே இல்லை. களத்து மதில், மாட்டுக் கொட்டகை, சாவடிச் சுவர், எங்கும் எதிராளியின் சின்னம், கரியால் இழுத்த குடை. வளைவாக ஒரு கோடு, நேராக ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். எதையும் எடுக்க முடியாது, எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இப்படி ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்று அவன் வருடக்கணக்காக ஆசைப்பட்டதுண்டு.

"உங்களை எதிர்த்து நிக்கறது யாருங்க?"

"அந்தப் பேர என் வாயால சொல்ல மாட்டேன்."

களத்தில் பரசுராமன் தன் குத்தகைக்காரர்கள் சிலரை நிறுத்தி வைத்திருந்தார். முன்னால் நின்றவன் கலியன். ஏரித் தண்ணீரைப் பரசுராமன் தன் நிலத்துக்கு மட்டும் திருப்பிக்கொண்டதில், அவன் பயிர் முழுக்கக் காய்ந்து போயிருந்தது. இவன்தான் எதிராளி போலிருக்கிறது என்று வரதன் நினைத்துக்கொண்டான்.

"ஒவ்வொருத்தரா வந்து கொடை போடுங்க. இவரு பாத்துச் சொல்லுவாரு."

கலியன் கரித்துண்டை வாங்கி ஒரே மூச்சில் இழுத்தான். அடுத்து வந்தவனும் அப்படியே. நாற்று நடும் முத்தம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொக்கியை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டுவிட்டுப் போனாள். சுவரில் குடைகள் வரிசையாக நின்றன.

"எந்தக் கைப்பா?"

"எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கு. ஒரு தரம் பார்த்தா யாருக்கும் கைக்கு வந்துடும். சின்னம்னா அப்படித்தான் இருக்கணும்."

கலியன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"கைய ஒடைக்கறதுன்னா ஊரு கை பூரா ஒடைக்கணும். அப்பால உன் நெலத்துல ஆரு நாத்து நடுவாங்க?"

பேச்சில் 'ஐயா' இல்லை. கூட வந்தவர்கள் யாரும் தலை குனியவில்லை. அவர்கள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற பரசுராமன், கோபத்தை வரதன் பக்கம் திருப்பினார்.

"நீ குதிரையப் போடு. சேணம் வேணும், மணி வேணும், மேல நான் குந்திக்கினு இருக்கணும்."

"அது உங்க படமா இருக்கும், சின்னமா இருக்காது. குதிரையையும் நாலே கோட்டுல போட்டுத் தரேன்."

"நாலு கோடு போடவா உன்ன வண்டி கட்டி இட்டாந்தேன்? நான் சொல்றத வரை. இல்லன்னா ஸ்டேஷனுக்கு நடந்தே போ."

வரதன் தூரிகைகளைப் பையில் போட்டுக் கட்டினான். "நடந்தே போறேங்க."

"சாப்புடாம ஆரும் இந்த ஊட்டுலேந்து போனதில்ல. வந்து குந்துங்க," என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பரசுராமனின் மனைவி லட்சுமியம்மாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. விறுவிறுவென்று போய்க் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வரதனுக்குப் பசி. இலையில் உட்கார்ந்தான்.

"குதிர போடலியா?" சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள் லட்சுமியம்மாள்.

"அந்தக் குடை இருக்கற ஊர்ல என் குதிரை எடுபடாதும்மா. கலியன் படம் போடப் பெரிய ஆளைத்தான் பிடிச்சிருக்கார்."

"கலியனா? அவன் நமக்கு ஓட்டு சேக்கறவன்."

'நமக்கு' என்றால் குதிரைக்கா? வரதனுக்குப் புரியவில்லை. "அதை முதல்ல வரைஞ்சவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகணும்னு இருக்கு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

லட்சுமியம்மாள் ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். கூடத்தில் இருந்தவருக்கும் காதில் விழட்டும் என்பதுபோல நிதானமாகச் சொன்னாள்:

"நான்தான். அவர எதுத்து நிக்கறவ நானு. என் சின்னத்த நான் வரையாம வேற ஆரு வரைவாங்க?"