பார்வையாளர் கேள்வி

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி. உயிரித்தகவலியல் துறையில் இசைவாணியின் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு முடியும் நேரம். "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார் வெளித்தேர்வாளர். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே போண்டா காத்திருக்கும்.

கடைசி வரிசையில் கோதண்டபாணி எழுந்தார்.

"திண்டிவனம் முகாம்ல எடுத்த ரத்தத்துல ஒருத்தருக்கு மட்டும் புத்துநோய்க்கான அறிகுறி இருந்துச்சுன்னு சொன்னியேம்மா, அது எப்ப தெரிஞ்சுது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி."

"அவங்களுக்குச் சொன்னியா?"

"எங்களுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். பேர் பார்க்கணும்னா கமிட்டியில அனுமதி வாங்கணும். ஒரு மாசம் ஆகும்."

"கேட்டுப் பாத்தியா?"

இசைவாணி மேசையைப் பார்த்தாள். "அப்ப இல்ல. கட்டுரை அனுப்புற அவசரம்."

"என் சம்சாரமும் அங்க ரத்தம் குடுத்துச்சு. அப்புறம் உடம்பு இளைச்சிக்கினே போச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா, 'ரத்தம் எடுத்தவங்க ஒண்ணும் சொல்லலியே, நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லிக்கினு இருந்துச்சு. போன தை மாசம் ரத்தப் புத்துநோய்ல போய்ச் சேந்துடுச்சு."

நெறியாளர் பதறி எழுந்தார்.

"ஐயா, அது உங்க மனைவியோட ரத்தம்தான்னு யாரும் சொல்ல முடியாது."

"முடியும் சார்" என்றாள் இசைவாணி, தலை நிமிராமல். "எங்கம்மா செத்தப்புறம் அனுமதி வாங்கிப் பேரைப் பார்த்துட்டேன். அப்பாகிட்டதான் இன்னும் சொல்லல."