சாவி மாற்றிய நவ்ரூஸ்

“இஸ்பஹான்ல பூனை படுக்கக்கூட இடம் இல்லையாம். பார்க்ல எல்லாம் கூடாரம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். பேசாம நவ்ரூஸுக்கு வீட்டுலயே இருப்போம், மஹீன்” என்றான் பீஜன், சோபாவில் காலை நீட்டியபடி.

மஹீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீட்டுலயே இருந்து? உன் தம்பிங்களுக்கு டீ ஊத்தவா? உனக்கென்ன, நீ உட்கார்ந்து கதை பேசுவ. டீ கொதிக்கற சமோவார் பக்கத்துல நின்னு வேகறது நான்!”

கோபத்தில் நியாயம் இருந்தது. பெற்றவர்கள் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு பீஜன்தான் மூத்தவன். நவ்ரூஸ் என்கிற புத்தாண்டு பிறந்தால் மூத்தவர் வீட்டுக்குத்தான் எல்லோரும் முதலில் வர வேண்டும். தம்பிகள், தங்கைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று பதின்மூன்று நாளும் ஆள் மாற்றி ஆள் வருவார்கள். நவ்ரூஸில் வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற பேச்சே டெஹ்ரானில் கிடையாது.

“இந்த ஒரு நவ்ரூஸாவது நான் உட்காரணும், பீஜன். யாராவது எனக்கு டீ கொண்டுவந்து குடுக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பீஜன் காலை மடக்கிக்கொண்டான்.

கீழ்வீட்டுக்காரி ஒரு நம்பர் கொடுத்திருந்தாள். இஸ்பஹானில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா, பெயர் தூரான். பெரிய வீடு, ஒரு அறை கேட்டுப் பார் என்றிருந்தாள். மஹீன் போனைப் போட்டாள்.

“வாடகையா? என்கிட்ட வாடகை பேச உனக்கு வெட்கமா இல்ல?” என்று அந்தப் பக்கம் குரல் கணீரென்று வந்தது. “ஒரு அறை எதுக்கு? முழு வீட்டையும் எடுத்துக்கோ. உன் வீட்டுச் சாவியை எனக்குக் குடு. நவ்ரூஸ்ல டெஹ்ரான் ரோடெல்லாம் காத்து வாங்குமாமே! ஒரு தடவை வந்து பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.”

மஹீனுக்குத் தலைகால் புரியவில்லை. “நிஜமாவா அக்கா?”

“பொய் சொல்லவா போன் எடுத்தேன்? வறண்டு கிடந்த ஆத்துல தண்ணி வேற திறந்துவிட்டிருக்காங்க. உடனே கிளம்பி வா.”

விஷயத்தைக் கேட்டதும் பீஜன் புருவத்தைத் தூக்கினான். “காசுல கெட்டியான இஸ்பஹான்காரங்க சும்மா குடுக்கறாங்களா? எங்கயோ இடிக்குதே.”

“உனக்கு எல்லாமே இடிக்கும்!”

“சரி, இங்க வரப்போற பட்டாளத்தைப் பத்தி அந்தம்மாகிட்ட சொன்னியா?”

“நாம ஊருக்குப் போறோம்னு நீ உன் தம்பிகிட்ட சொன்னியா?”

“ஐயோ! சொன்னா அவனும் வண்டியில ஏறிப்பான்.”

“அப்ப நீயும் வாயைத் திறக்காத, நானும் திறக்கல.”

“பாவம் மஹீன், அந்தம்மா.”

“பாவம்தான். அதுக்குத்தானே பிஸ்தா, இனிப்பு எல்லாம் வாங்கி அடுக்கிவச்சிட்டு வர்றேன்!” என்றாள். மனசு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று இன்னொரு கிலோ பிஸ்தாவையும் சேர்த்து வைத்தாள்.

தங்கள் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு, புத்தாண்டுக்கு முதல் நாள் இஸ்பஹானுக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்துக் கடையில் சாவி காத்திருந்தது. முற்றத்தில் நீலத் தொட்டி, அதில் தங்கமீன்கள். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டன. அடுக்களையில் மூட்டை அரிசியும், முழு ஆட்டையே வேகவைக்கலாம் போன்ற அண்டாவும் இருந்தன. உள் அறையில் மெத்தைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

“நாலு பேருக்கு மூட்டை அரிசி வச்சிட்டுப் போயிருக்காங்க. என்ன மனசு பாரேன்! நான் ஒரு பாவி” என்று மஹீன் உருகினாள்.

பீஜன் மெத்தைகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் புத்தாண்டு பிறந்தது. மஹீன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். பீஜன் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து நவ்ரூஸில் அவள் உட்கார்ந்து குடிக்கும் முதல் டீ. உலகத்திலேயே தன்னைப் போலச் சந்தோஷமான பெண் இல்லை என்று நினைத்தாள்.

போன் அடித்தது. தூரான்.

“மஹீன் ஜான், கண்ணு! காலையிலிருந்து உன் வீட்டுக்காரர் சொந்தக்காரங்க வந்துக்கிட்டே இருக்காங்க!”

மஹீன் டீயைக் கீழே வைத்தாள். “மன்னிச்சுக்கோங்க அக்கா. முன்னாடியே சொல்லியிருக்கணும்...”

“மன்னிப்பு எதுக்கு? தங்கமான மனுஷங்க! வந்தாங்க, டீ குடிச்சாங்க, அரை மணியில அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க! விருந்தாளி *வீட்டுக்குத் திரும்பிப் போறதை* நான் வாழ்க்கையில இப்பத்தான் பாக்கறேன்!”

“அப்படின்னா... உங்க சொந்தக்காரங்க?”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குள் தெருக்கதவை யாரோ தட்டினார்கள். பீஜன் போய்த் திறந்தான்.

வெளியே ஷிராஸிலிருந்தும் யஸ்திலிருந்தும் வந்த கார்கள் வரிசையாக நின்றன. பெட்டியும் தலையணையுமாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“தூரான் சித்தி இல்லையா? பரவாயில்ல, நாங்க பதிமூணாம் நாள்தானே கிளம்பப் போறோம், அதுக்குள்ள வந்துடுவாங்க. முதல்ல எல்லாருக்கும் ஒரு டீ குடுங்க!”